வாப்பா கூட்டிய மணல்

தொலைக்காட்சியில், எங்கள் ஆலங்குடா மணல்மேட்டில், ஒரு வெள்ளைக்காரன் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தான். உம்மா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். "பொய்க்காரன்! நம்மட வீட்டு இடியப்பத்த மூக்குமுட்டத் திண்டுட்டுத்தானே உளுந்து கிடக்கிறான்."

உண்மைதான். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்து எங்கள் கரையில் அந்தப் படத்தை எடுத்தது. விமானம் விழுந்து, ஆளில்லாத வனாந்தரக் கரையில் மாட்டிக்கொண்ட ஒருவன் உயிர் பிழைக்கிற கதை. ஆளில்லாத கரையாம்! மேட்டுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு, பக்கத்தில் தேத்தண்ணிக் கடை. எங்கள் சேவல் கூவினால்கூட ஒருவன் ஓடிவந்து வாயில் விரலை வைத்துக் காட்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கரையில் ஆளில்லை என்று காட்ட வாப்பாவைத்தான் பிடித்தார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் மணலில் கிடக்கும் காலடிகளை அழிப்பது அவர் வேலை. ஈர்க்கு விளக்குமாற்றோடு பின்பக்கமாகவே நடந்து, தன் காலடியையும் சேர்த்துக் கூட்டிவிட்டு வெளியே வருவார். அவருக்கு அது புதிதல்ல. உம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக் குனிய முடியாமல் போன நாளிலிருந்து எங்கள் மணல் முற்றத்தையும் அவர்தான் கூட்டினார். இடதுகைக்காரர். மீன் செதில் மாதிரி அரைவட்டம் அரைவட்டமாகக் கோடு விழும். யாராவது மிதித்தால், "மிதிக்காதடா!" என்று தெருவே கேட்கக் கத்துவார். அந்தச் சத்தம் இல்லாத முற்றம் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒருநாள் விளக்குமாற்றோடு வீட்டுக்கு ஓடிவந்தார். "இஞ்ச பாரு, கமராக்காரன் என்னையும் எடுத்திட்டான்! நல்லாச் சிரிச்சிக்கிட்டு நிண்டன்."

"உங்கட பல்லக் காட்டினா படம் ஓடின மாதிரித்தான்" என்றார் உம்மா.

படம் வெளிவருவதற்குள் வாப்பா மவுத்தாகிவிட்டார். கமராவைக் கண்டாலே ஒளிந்துகொள்கிற மனிதர் அவர். அடையாள அட்டையில் முறைக்கிற முகத்தைத் தவிர எங்களிடம் எதுவுமில்லை. அந்தச் சிரிப்பை ஒருதரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் உம்மாவின் ஆசை. தம்பி எங்கேயோ அலைந்து, தமிழ்க்குரல் போட்ட படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"யாராவது இருக்கிறீர்களா?" என்று வெள்ளைக்காரன் கடலைப் பார்த்துக் கத்தினான்.

"ஓம், இரிக்கிறம்! எங்கட மனுசன எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று உம்மா திருப்பிக் கேட்டார்.

படம் முடிந்தது. வாப்பா எங்குமே வரவில்லை. அவர் சிரித்ததை வெட்டி எறிந்திருக்கிறார்கள், பாவிகள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தொலைக்காட்சியை அணைக்கப் போனேன்.

"நில்லு மகள். அவன் உளுந்து கிடந்த இடத்தத் திருப்பிப் போடு."

போட்டேன். கமரா மெல்ல மேலே போனது. கடல்வரை வெறும் மணல், ஒரு காலடிகூட இல்லை. காற்று வரைந்தது என்றுதான் உலகம் நினைத்திருக்கும். செதில் செதிலாக அரைவட்டங்கள், எல்லாம் இடதுகைப் பக்கம் சாய்ந்து.

உம்மா எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்து அந்தக் கோடுகளைத் தடவினார். "காத்து இப்பிடிக் கூட்டுமா? இது உங்கட வாப்பாட கை." அவர் அழுதார், நானும் அழுதேன்.

அதற்குள் வெள்ளைக்காரன் எழுந்து அந்த மணலில் கால் வைத்தான்.

"மிதிக்காதடா!" என்று உம்மா கத்தினார்.

அவன் அடுத்த காலைத் தூக்குமுன் நான் படத்தை நிறுத்திவிட்டேன்.