அட்டையில் ஒட்டிய கொக்கி

உடைந்த ஊசியின் கொக்கி கிடைக்கவே இல்லை. கிடைத்துவிட்டது என்று கத்தியவன் நான். வேறோர் ஊசியின் கொக்கியை அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

சொல்லிவிட்டேன்... இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, உங்களிடம். இனி நிறுத்தப்போவதில்லை.

எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவுக்கு அடியில், தோலை ஒட்டி, காலுறை போன்ற வெள்ளைத் துணிக்குழாய் ஒன்றை மாட்டுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கம்பெனி அதைத்தான் பின்னியது. திருப்பூரே பனியனுக்குப் பின்னிக்கொண்டிருக்க, நாங்கள் வலிக்குப் பின்னினோம். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு!

மெஷின் ஓட்டியவர் ராயபுரத்து சலீம் பாய். பின்னிய துணியை மேசையில் விரித்து, விரலால் தடவிச் சோதித்தவர் ருக்குமணியக்கா. மெஷினைப் பராமரிக்கும் ஃபிட்டர் நான்.

பின்னல் மெஷினின் ஊசித் தலையில் நூலை இழுக்கும் குட்டிக் கொக்கி ஒன்று உண்டு. ஊசி உடைந்தால் மெஷின் நிற்க வேண்டும். துண்டுகள் அத்தனையையும் தேடியெடுத்து, முழு ஊசியாகப் பொருத்தி, அட்டையில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்றைய துணி மொத்தமும் கழிவுக்குப் போகும். ஏனென்றால் அந்தத் துண்டு, யாரோ ஒருவரின் தோலுக்கும் மாவுக்கும் நடுவே...

அன்று முற்பகல். "மாப்ளே, துணியில கோடு விழுகுதப்பா! ஊசி போச்சு!" என்று பாய் கூவினார்.

கொக்கி முறிந்த ஊசியைக் கழற்றியதுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஊசிகளை எடுத்துப் பஞ்சுத் தூசி நீக்க வேண்டிய நாள் போன வாரமே கடந்திருந்தது. செய்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். செய்யவில்லை. சோம்பல்... வேறென்ன!

மண்டியிட்டுத் தேடினோம். தரையெங்கும் காந்தத்தை இழுத்தோம். அக்கா துணியை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே வந்தார்.

"அரிசி நொய்யாட்டம் இருக்குமா கண்ணு?"

"அதுல பாதிங்க்கா."

சூப்பர்வைசர் வந்து நின்றார். "கடைசியா எப்பங்க ஊசியெல்லாம் க்ளீன் பண்ணுனீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் குறுக்கிட்டார். "அதெல்லாம் இவன் கரெக்டா பண்ணிருவானுங்க. இவன் கைமேல நான் சத்தியம் பண்ணுவேனுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். இல்லை பாய், பொய் எழுதினேன் என்று. ஒரே வரி! குனிந்து மறுபடியும் காந்தத்தை இழுத்தேன். கொக்கி கிடைக்காவிட்டால் துணி கழிவுக்குப் போகும். ஏன் உடைந்தது என்று பதிவேட்டைத் திறப்பார்கள். எனக்காகச் சத்தியம் செய்தவர் முன்னால் என் முகம் என்னவாகும்? இதுதான் என் பயம். துணியை மாட்டப்போகிறவரைப் பற்றிய பயம் அப்போது வரவே இல்லை. கவனித்தீர்களா... வரவே இல்லை!

டூல்ஸ் பெட்டியில் பழைய ஊசிகள் கிடந்தன. ஒன்றின் தலையைக் குறடால் முறித்தேன். மெஷினுக்கடியில் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டு, "கெடச்சிருச்சுங்க!" என்று கத்தினேன்.

"அல்லா காப்பாத்துனாரப்பா!" பாய் என்னைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். "கண்ணா அது, கழுகா!" என்று சிரித்த அக்கா, பாதி தடவிய துணியை அப்படியே சுருட்டி வைத்தார்.

அந்தச் சுருள்! மீதிப் பாதியை எந்த விரலும் தொடவில்லை.

மூன்று கையெழுத்துகள் விழுந்தன. இரண்டு மெய், ஒன்று பொய்.

சில மாதங்கள் சென்றன. காதர்பேட்டை வளைவில் பாய் மொபெட்டிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அக்காவும் நானும் பார்க்கப் போனோம். மாவுக்கட்டை ஆட்டிக் காட்டினார்.

"நம்ம கம்பெனி துணிதானப்பா, மாட்டிருக்கானுக. உள்ள என்னமோ குத்துது. ஊசி கீசி கெடக்குதோ என்னமோ!"

"ஏனுங்க பாய், இவன் கண்ணுக்குத் தப்பி ஊசி வந்துருமாக்கும்?" என்றார் அக்கா.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... ஐயோ, நானும் சிரித்தேன்!

கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள் என்று ஏன் கெஞ்சவில்லை? ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான். "இப்பவும் குத்துதுங்களா பாய்?"

"எம் பொண்டாட்டிகூட இத்தன தடவ கேக்கலயேப்பா!" என்று கேலி செய்தார். அவருடைய விரல் நுனிகள் வீங்கியிருக்கின்றனவா, நிறம் மாறுகிறதா என்று கள்ளத்தனமாகப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் சோறு இறங்காது.

கட்டைப் பிரித்த அன்று கூடவே போனேன். மாவைப் பிளந்ததும் துணியைப் பிடுங்கி, உள்ளும் புறமும் திருப்பி, நூல் நூலாகத் தடவினேன்.

"என்னப்பா தேடற, தங்கமா?"

"ஒண்ணுமில்லீங்க பாய்."

ஒன்றுமே இல்லை. வெறும் வேர்வை அரிப்பு! ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதேன். அழுகை அடங்கிய நொடியில்தான் அது உறைத்தது: பாயின் கையில் இல்லை. அப்படியானால்... யார் கையில்?

பாய் இன்னும் என் நண்பர்தான். போன மாதம் தம் மருமகனிடம் என்னைக் காட்டி, "மெஷினுக்கடியில அரை நொய்யளவு இரும்பக் கண்டெடுத்தவன் மாப்ளே இவன்!" என்றார். நான் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

அந்தத் துணி எப்போதோ மட்கியிருக்கும். அறிவுக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரியவில்லை.

நேற்றுப் பேருந்தில் எதிர் இருக்கையில் ஒருவர், காலில் மாவுக்கட்டோடு. ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார்.

"குத்துதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமாங்க. உள்ள என்னமோ..." என்று சிரித்தார்.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு இன்னும் எட்டு நிறுத்தம் இருந்தது.