ஏரியூர்ப் பக்கம் ஒரு ருஷ்யப் படம்

சுதந்திரம் வந்த பிறகு இரண்டாவது தை மாதத்தில் ஏரியூர்ப் பக்கம் போய் வந்தேன். ருஷ்யச் சித்திரப் படம் சேர்க்கிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. அவர்களுக்கு உதவும் என்றுதான் இதைச் சொல்கிறேன். எனக்குப் படிப்பில்லை. நான் சொல்லச் சொல்ல என் மச்சான் எழுதுகிறான். நடுவில் அவன் திருத்துகிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

காரிமங்கலம் சந்தையில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிப்பது என் தொழில். எழுத்து தெரியாவிட்டாலும் காகிதம் தெரியும். சண்டைக் காலத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவர் ஒரு படம் கொண்டுவந்தார். ஒரு பெண் டிராக்டர் ஓட்டுகிறாள். சாமி இல்லாத படத்துக்கு யார் கண்ணாடி போடுவார்கள் என்று கேட்டேன். அவர் உட்கார்ந்து சொன்னார். அது ருஷ்ய நாட்டுப் படமாம். அந்த நாட்டில் ராஜாவைத் தள்ளிவிட்டார்களாம். பிறகு சர்க்காரே சித்திரக்காரர்களுக்கு உத்தரவு போட்டதாம்: ‘இனிமேல் பாடுபடுகிறவனை வரை. இன்றைக்கு இருக்கிற மாதிரி வேண்டாம், நாளைக்கு இருக்கப்போகிற மாதிரி வரை.’

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கை கொஞ்சமும் மெலிந்திருக்கவில்லை. “அங்கே பஞ்சமே வரலையாங்க?” என்று கேட்டேன். வந்ததாம், ஜனம் செத்ததாம், படத்தில் மட்டும் வரவில்லையாம். பொய் சொல்கிற படத்தின் மேல் எனக்கு அதன் பிறகுதான் ஆசை வந்தது. சாமி படக்காரனுக்கு இது புரியும். இதுவரை பதினொன்று சேர்த்திருக்கிறேன். ஒன்றை ஆடு தின்றது, அது கணக்கில் இல்லை.

பன்னிரண்டாவது ஏரியூருக்கு அப்பால் ஒரு வீட்டில் இருப்பதாக ஒரு மிளகாய் வியாபாரி சொன்னார். அவர் ஏன் சொன்னார் என்று இரண்டு நாள் யோசித்தேன். சிவப்புக் கொடிக்காரர்களை, அதாவது கம்யூனிஸ்டுகளை, போலீஸ் வலைபோட்டுத் தேடுகிற சமயம் அல்லவா? பொறியாகவும் இருக்கலாம். ஆனாலும் ஆசை விடவில்லை.

காரிமங்கலத்தில் காலை ஆறு மணி பஸ். தர்மபுரிக்குப் பதினைந்து மைல், ஆறணா. அங்கே ஏழரைக்குப் பென்னாகரம் பஸ், ஏறக்குறைய இருபது மைல், எட்டணா. பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் வந்த கரி வண்டிதான் அது. பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாய், அதில் கரியைப் போட்டு ஊத வேண்டும். இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள். பென்னாகரத்தில் இறங்கும்போது மணி பத்தேகால்.

அங்கிருந்து ஏரியூர் பத்து மைல் என்கிறார்கள், என் முதுகு பதினைந்து என்றது. சின்னப்பன் என்பவரின் மாட்டு வண்டி ஒன்றேகால் ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டில் கன்னடம் பேசுகிற ஆள். ஒரு மைல் போனதும் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சி.ஐ.டி.யா?”

“சட்டம் அடிக்கிறவனுங்க.”

“அதான் கேட்டேன். சட்டம்னாலே போலீசுதானே!”

படச் சட்டம் என்று விளக்கப் பெட்டியைத் திறந்து உளி, ஆணி, காகிதம் அறுக்கிற கத்தி எல்லாம் காட்டினேன். கத்தியைப் பார்த்த பிறகு இன்னும் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரியூரைத் தாண்டி ஒன்றரை மைல். கரை மேல் நின்றால் மேட்டூர் அணைத் தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் அவர்களுடைய பழைய ஊர் கிடக்கிறது. அணை கட்டியபோது மேலேறி வந்தவர்கள். வீட்டுக்காரியின் பெயர் முனியம்மா, நாற்பது வயதுக்குள் இருக்கும். படம் இருக்கிறதா என்றதும் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

“படமா? அது மொளகா மடிச்சு வந்த காயிதங்க. அடுப்புல போட்டாச்சு.”

அவள் தோளுக்கு மேலே, உள்ளே சுவரில் அது தெரிந்தது. மிளகாய் மடித்து வந்திருந்தால் மடிப்பு இருக்கும். இதில் ஒரு மடிப்பு இல்லை. சுருட்டி, பத்திரமாக யாரோ கொண்டுவந்த காகிதம். அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

சின்னப்பன்தான் காப்பாற்றினார். “யக்கோவ், இவரு போலீசு இல்லைக்கா. போலீசா இருந்தா வண்டிக்கூலி குடுத்திருப்பாரா?”

அவள் சிரித்து வழி விட்டாள்.

நல்ல படம். மலை மாதிரி ஒரு சுவர் எழும்புகிறது. முன்னால் கடப்பாரையோடு ஒரு ஆள், வெயிலில் சிவந்த மார்பு, தலையில் ஏதோ கட்டு. அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அதில் எழுத்து, ஓரத்தில் அரிவாளும் சுத்தியலும். எழுத்து என்ன பாஷை என்று கேட்டேன்.

“பக்கத்து வூட்டுத் தெலுங்குக்காரங்க கன்னடம்ங்கறாங்க.”

சின்னப்பன் குனிந்து பார்த்தார். “கன்னடம் இல்லீங்க. தெலுங்கு.”

ஆளைக் காட்டி, “இது யாருங்க?” என்றேன்.

“எங்கூட்டுக்காரரு.”

அப்புறம்தான் கதை வந்தது. போன ஐப்பசியில் ஒரு பையன், சிவப்புக் கொடிக்காரன், மாட்டுக்கொட்டாயில் இரண்டு நாள் தங்கினானாம். போகும்போது, ‘இது டேம் கட்டின தொழிலாளிங்க படம்க்கா’ என்று கொடுத்தானாம். எந்த டேம் என்று அவள் கேட்கவில்லை.

“கேக்கறதுக்கு என்னா இருக்குதுங்க? உலகத்துல இருக்கறதே ஒரு டேமு.”

புருஷன் மேட்டூரில் கல் சுமந்தவர். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். போட்டோ கிடையாது. ஏரியோரம் ஒரு ஏக்கர் புறம்போக்கு கேட்டு மனு போட்டிருக்கிறாள். புருஷன் அணையில் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று தாலுகா கச்சேரியில் கேட்டார்களாம். திங்கட்கிழமை இந்தப் படத்தைத்தான் கொண்டுபோய்க் காட்டப் போகிறாள்.

அரிவாள் சுத்தியல் போட்ட காகிதத்தைக் கச்சேரியில் விரித்தால் நிலம் கிடைக்காது, ஜெயில்தான். சொன்னேன். இது ருஷ்யா, நம் டேம் இல்லை என்றும் சொன்னேன்.

அவள் கண் சுருங்கியது. “இப்பிடிச் சொல்லி என்கிட்டருந்து அடிச்சிக்கினு போலாம்னு பாக்கறீங்க.”

உண்மையில் பாதி அதுதான். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் விடாமல் கேட்டேன். “கூழு குடிச்ச ஒடம்பா அக்கா இது?”

“டேமுல அரிசிச் சோறு போட்டாங்க.”

“கால்ல பூட்சு?”

“வெள்ளக்காரன் குடுத்திருப்பான்.”

“உங்க வூட்டுக்காரருக்கு மீசை இருந்துச்சுங்களா?”

மீசையில்லாத அந்த முகத்தை அவள் தொட்டுப் பார்த்தாள். “காச்சல்ல மழிச்சிருப்பாங்க,” என்றாள்.

சின்னப்பன் மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அவளே அடியில் இருந்த பட்டையைக் காட்டினாள். “அந்த எழுத்தும் அருவாளும்தானே வேற நாடு? அத அறுத்து எடுத்துக்கினு போங்க. ஆளு எங்காளு.”

படத்தை இறக்கிப் பலகை மேல் வைத்தேன். பூட்சின் நுனி பட்டைக்கு வெகு பக்கத்தில் இருந்தது. நான் கத்தியை வைத்த இடத்தில் அவள் விரலை வைத்தாள். “கால்ல படாம அறுங்கண்ணா.” அறுத்து முடிக்கும் வரை விரலை எடுக்கவில்லை. என்னை அவள் அப்போதும் நம்பவில்லை, நானும் என் கத்தியை முழுதாக நம்பவில்லை. நூல் அளவு தள்ளி அறுத்தேன்.

“பட்டை இல்லாட்டியும் கச்சேரியில ஒத்துக்க மாட்டாங்க அக்கா.”

“ஒத்துக்கலைன்னு அவங்க சொல்லட்டும். நீங்க ஏன் சொல்றீங்க?”

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று இன்றுவரை தகவல் இல்லை. பன்னிரண்டாவதாக அந்தப் பட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது. படம் சேர்க்கிறவன் படத்தைக் கெடுத்தது தப்புதான். அந்த நாட்டுச் சித்திரக்காரன், நாளைக்கு இருக்கப்போகிற ஆளை வரைந்தான். அவன் அறியாமல் பதினைந்து வருஷத்துக்கு முன் செத்தவர் ஒருவர் அதில் வந்து நின்றுகொண்டார். படம் சொன்ன பொய்யில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குக் கடைசி பஸ் மாலை ஆறு மணிக்கு, அதை நம்பாதீர்கள். ஏரியூரில் சாப்பாடு பகல் ஒரு மணிக்கு மேல் கிடைக்காது, கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். மடிப்பு, ஈரக்கறை, பூச்சி ஓட்டை மூன்றையும் முதலில் பாருங்கள், சொல்கிற கதையைப் பிறகு கேளுங்கள். எடுத்த எடுப்பில் விலை கேட்காதீர்கள். கூலியைக் குறைக்காமல் கொடுத்தால் சின்னப்பனே அந்த வீட்டுக்குக் கூட்டிப்போவார். படத்தில் இருப்பது தன் புருஷன்தானே என்று முனியம்மா உங்களைக் கேட்டாலும் கேட்பாள். அது ருஷ்யா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்ததை விட்டுவிட்டு, தெரியாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.