இடம் மாறிய எண்கள்

போன மாதம் கரூர் பைபாஸ் பக்கம் ஓர் அலுவலகத்தில் புது சர்வர் ஒன்றை இறக்கி வைத்தேன். டேட்டாபேஸ் போடுவதற்கு முன்னால் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, சொல்ல வேண்டிய எண்களை அங்கே யாரும் தட்டவில்லை. ஒரே ஒரு கட்டளை கொடுத்தார்கள். அந்த மென்பொருளே நினைவகத்தை அளந்து எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டது. பொறியாளர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் நகராமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றினேன், ஓசூரில் பெட்டி ஒட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. அப்படி அலைந்து வந்து, பல வருடங்களுக்கு முன்னால், தென்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். கேபிள் இழுப்பதும் பெட்டி தூக்குவதும் என் வேலை. கம்ப்யூட்டர் எல்லாம் நாங்கள் மேடம் என்று கூப்பிட்ட ஓர் அம்மாவின் பொறுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பக்கவாதம் வந்து நான்கு மாதம் படுத்திருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது, வலது கைக்குப் பாதி பலம்தான் வந்தது. எண்களைத் தட்டும்போது மட்டும் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிவிடும். மாறியது அவர் கண்ணுக்கும் படாது. நிலையத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். புது சர்வரை அவர் தனியாக நிறுவி ஓட்டிக் காட்டினால்தான் வேலையில் தொடரலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அப்போதெல்லாம் நினைவகத்தில் டேட்டாபேஸுக்கு எவ்வளவு இடம் விடலாம், எத்தனை கோப்புகளை ஒரே நேரத்தில் திறக்கலாம் என்பதையெல்லாம் கெர்னலுக்கு முன்கூட்டியே எண்ணாகச் சொல்ல வேண்டும். இடத்தைக் குறைத்துச் சொன்னால் டேட்டாபேஸ் கிளம்பாது. மேடம் வீட்டிலேயே கணக்குப் போட்டு, நான்கு எண்களைப் பெரிதாக எழுதி எடுத்து வந்திருந்தார். காகிதத்தில் எல்லாம் சரிதான். சர்வர் அறைக்குள் போகும் முன் என்னிடம் சொன்னார்: "தட்டறச்சே மாறித்துன்னா வாயால சொல்லிடாதீங்கோ. மேனேஜர் நிப்பார். ஒரு தடவை இருமுங்கோ, போறும்."

முதல் இரண்டு எண்களும் சரியாக விழுந்தன. மூன்றாவது எண்பத்து மூன்றில் தொடங்க வேண்டும். திரையில் முப்பத்தெட்டு என்று இருந்தது. இருமினேன். மேடத்தின் விரல் நின்றது. அவர் மெதுவாகக் காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி இருமினேன்.

"என்னப்பா, நம்ம லேப்லயே ஒரு சளி டெஸ்ட் எடுத்துடலாமா?" என்றார் மேனேஜர். "ஏசி ரூம்ல எல்லாருக்கும் ஒட்டிவிடாத. வெளிய நில்லு."

"இல்ல சார், தொண்டைதான்..."

"சொன்னா கேளுப்பா."

கதவு என் பின்னால் பூட்டிக்கொண்டது. அட்டை இல்லாமல் திறக்காது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேடம் மூன்றாவது வரியைத் தாண்டி நான்காவதைத் தட்டினார். கண்ணாடியைத் தட்டினேன், மேனேஜர் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினார். கத்தியிருக்கலாம். கத்தினால் மேடம் மறைத்தது அத்தனையும் வெளியே வரும். கத்தாவிட்டாலும் சர்வர் ஓடாது. இரண்டில் எது குறைந்த கேடு என்று எனக்குத் தெரியவில்லை. நின்றேன்.

டேட்டாபேஸ் கிளம்பவில்லை. மேடம் எல்லா எண்களையும் மூன்று முறை சரிபார்த்தார். மூன்று முறையும் அவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. மதியம் கதவு திறந்தபோது மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்: "நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க மேடம். வேற ஆளை வரச் சொல்லிட்டேன்."

பஸ் நிறுத்தம் வரை அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஏதோ ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சுது," என்றார். "நீங்க இருமினது அந்த வரிக்கா, முன்னாடி வரிக்கான்னுதான் தெரியலை. எது?"

"மூணாவது, மேடம்."

அவர் காகிதத்தை விரித்து அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். சரியாகவே படித்தார். ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.