றோலண்டின் கல்யாணக் கார்

கந்தப்பளையில் கல்யாணம் என்றால் றோலண்டின் கார்தான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வண்டி. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். இறக்கம் பார்த்து நிறுத்தி உருட்டித்தான் ஸ்டார்ட் செய்வார். இறக்கம் இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் தள்ளுவார்கள்.

பெட்டரியைத் திட்டித் திட்டியே இரண்டு முறை மாற்றிவிட்டார். இரண்டும் அந்த வண்டிக்கு ஏற்ற ஆறு வோல்ட் பெட்டரிதான். மூன்றாவது வாங்கப் புறப்படும்முன் கடைசியாக ஒருமுறை ஸ்டார்ட்டரை அமுக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி ஐவி, பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்னங்க, இஸ்திரிப்பெட்டி மாதிரி சுடுது! பெட்டரியில உள்ளதெல்லாம் இங்கேயே சூடாப் போயிருதே."

அது இந்தக் காலத்துப் பன்னிரண்டு வோல்ட் கார்களுக்கான மெல்லிய கேபிள். ஆறு வோல்ட்டில் இரட்டிப்புக் கரண்ட் ஓட வேண்டும். கேபிளும் அதற்கேற்ப தடிமனாக இருக்க வேண்டும். அதை வாங்கிப் போட்டதும் றோலண்டேதான். ஹட்டனில் தேடிப்பிடித்து, கட்டைவிரல் தடிமனில் ஒன்று வாங்கி மாட்டினார். பொத்தானை அமுக்கியதுமே வண்டி உறுமியது.

அடுத்து வந்தது கிருஷாந்தியின் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறியதும், கூட்டாளிகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார்கள். ஒரே சீட்டியும் சிரிப்பும். மாப்பிள்ளையின் அப்பாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

பொத்தானுக்குப் போன றோலண்டின் விரல் அப்படியே நின்றது. கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"இன்னைக்கும் கெளம்ப மாட்டேங்குதுப்பா. எல்லாரும் சேந்து ஒரு தள்ளு தள்ளுங்க!"