மூட்டைக்கு அடியில் இருந்த இலை

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த டீச்சர் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வருவார். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது அவருக்குப் பிடிக்காது. கரும்பலகையில் குட், பெட்டர், பெஸ்ட் என்று ஒரு வரிசை, பேட், வர்ஸ், வர்ஸ்ட் என்று இன்னொரு வரிசை எழுதினார். மற்றச் சொற்களைப்போல் இவற்றுக்கு எர், எஸ்ட் என்று வால் முளைக்காது, ஆளே மாறிவிடும் என்றார். மறுநாள் நாங்கள் ஒவ்வொருவரும் மூன்று பொருட்களைக் கொண்டுவந்து, எது மோசம், எது அதைவிட மோசம், எது எல்லாவற்றிலும் மோசம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

அன்றைக்கென்று என் மூளை நன்றாக வேலை செய்தது. பள்ளி விட்டதும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். அம்மா மூட்டையை அவிழ்த்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் கொழுந்து எடுத்த மலைக்கு உரம் போட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் செடி தளிர்க்கவில்லை. நிறை வராவிட்டால் அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். ஆகவே முற்றிய இலைகளை அடியில் போட்டு, மேலே இளங்கொழுந்தைப் பரப்பினாள். அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் அடியில் கைவிட்டு மூன்று இலைகளை உருவிக்கொண்டேன்.

வகுப்பில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். கடைசி இலை என் உள்ளங்கையைவிடப் பெரியது. இதுதான் வர்ஸ்ட் என்றேன். எங்கே கிடைத்தது என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார். என் அம்மாவின் மூட்டையில், நல்ல இலைக்குக் கீழே என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். வகுப்பே கைதட்டியது. டீச்சர் அதைப் போனில் வீடியோ எடுத்து, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

பள்ளி விடும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, "ஒங்க கண்டாக்கு அய்யாவும் பாத்துட்டாரு, கட்டவிரல் போட்டிருக்காரு பாரு" என்று மகிழ்ச்சியாகக் காட்டினார். கண்டாக்கு அய்யாதான் தோட்டத்து மலைவேலைக்கெல்லாம் அதிகாரி. பள்ளிச் சங்கத்தில் இருந்ததால் அந்தக் குழுவிலும் இருந்தார். போன மாதம் பக்கத்து லயத்து வீட்டு அக்காவின் மூட்டையில் முற்றிய இலை அகப்பட்டபோது, அந்த அக்காவை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தியவரும் இவரே. அந்த மஞ்சள் கட்டைவிரலைப் பார்த்ததும் டீச்சரிடம் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அவளுக்கு எதுவும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை வாயைத் திறந்தேன். அடிக்குப் பயமில்லை. அம்மாவின் வேலை என்னால் போகப்போகிறது என்பதை என் வாயாலேயே சொல்லத்தான் பயம். காலையில் பெரட்டில்தான் எல்லார் முன்னாலும் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அவள் அதற்குப் புறப்பட்டபோது போர்வையை இழுத்துக்கொண்டு, "காய்ச்சலா இருக்கும்மா, இன்னக்கி போவாத" என்றேன்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒடம்பு பச்சத்தண்ணியா இருக்கு. எந்திரிச்சி ஸ்கூலுக்குப் போ."

அன்று டீச்சர் என்ன நடத்தினார் என்று எனக்குத் தெரியாது. சாயந்தரம் எல்லாப் பெண்களும் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள், அம்மாவைக் காணவில்லை. இருட்டத் தொடங்கிய பிறகுதான் வந்தாள். வாசலில் உட்கார்ந்து, காலில் கடித்துக்கொண்டிருந்த அட்டைகளை உப்பு வைத்து எடுத்தாள்.

"கண்டாக்கு அய்யா பெரட்டுல எல்லாருக்கும் முன்னால ஒன்னயப் பத்திச் சொன்னாரு. ஒம் மக இங்கிலீசு நல்லா பேசுறான்னு."

"வேற ஒன்னும் சொல்லலியாம்மா?"

"இன்னையிலருந்து உச்சி மலையில எடுக்கச் சொன்னாரு. நா மட்டுந்தான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை போகவில்லை, திட்டுக்கூட இல்லை. அன்று வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

உச்சி மலை காட்டை ஒட்டியது. அங்கே சிறுத்தை இறங்கும், அதனால் பெண்கள் கூட்டமாகத்தான் போவார்கள் என்பது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மறுநாள் வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்: "எங்கம்மாவுக்குத் தனி மலையே குடுத்துருக்காங்க."