சோறு என்றால் வலப்பக்கம்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஈப்போவில் பேருந்து ஏறினேன். யோங் பெங்கிற்கு டிக்கெட் ஐம்பத்தைந்து மலேசிய வெள்ளி. தூரம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். போகிற காரணத்தைச் சொன்னால் என் நண்பர்கள் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பந்து என்றால் காலால் உதைப்பது என்று இத்தனை வயது வரை நம்பிவந்த நான், ரக்பி பார்க்கப் போனேன். என் மனைவியின் தங்கை மகேஸ்வரி யோங் பெங்கில் உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் ரக்பிக் குழு ஒன்றைப் பத்தாண்டுகளாகக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள். போனில் அவள் சொன்னது இதுதான்: “அத்தான், இந்தச் சனிக்கிழமை வந்து பாத்துருங்க. அடுத்த வருசம் பாக்கிறதுக்கு டீம் இருக்குமான்னு தெரியல.” மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றவன் நான் என்ன சாக்குச் சொல்வது?

மூன்று மணி சுமாருக்கு யோங் பெங்கில் இறங்கினேன். தெற்கே போகிற பேருந்துகள் எல்லாம் மூச்சு வாங்க நிற்கிற ஊர். மீன் உருண்டையும் நூடல்சும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டம். மகேஸ்வரி காரோடு காத்திருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியிலேயே எனக்குப் பாடம் தொடங்கிவிட்டது.

“பழைய ரக்பிக்குப் பதினஞ்சு பேர் வேணும் அத்தான், எம்பது நிமிசம். நாங்க ஆடுறது செவன்ஸ். ஏழே பேர். ஏழு நிமிசம், கொஞ்சம் மூச்சு விடணும், திரும்ப ஏழு நிமிசம். முடிஞ்சு போச்சு.”

“பதினாலு நிமிசத்துக்கா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சே?”

சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. ஒலிம்பிக்கில் சேர்த்தபின் எங்கே பார்த்தாலும் செவன்ஸ்தான், பெரிய நாடுகளைச் சின்னத் தீவுகள் ஓட ஓட விரட்டுகிற ஆட்டம் இது என்று பெருமையாகத்தான் சொன்னாள். ஆனால் யோங் பெங்கிற்கு இந்த ஆட்டம் வந்த காரணம் வேறு. படித்து முடித்த பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பதினைந்து பேரைச் சேர்க்க ஊரில் ஆள் இல்லை. ஏழு பேரைச் சேர்க்கலாம். உலகத்தில் ஆட்டம் வளர்ந்ததால் வந்தது பாதி, ஊர் சுருங்கியதால் வந்தது பாதி. அவளுடைய குழுவில் இப்போது எட்டுப் பேர். ஏழு பேர் ஆட, ஒருத்தி மாற்றுக்கு.

மாநில லீக்கில் பெண்கள் அணிகளுக்கு நான்கு இடம். மூன்று நிரம்பிவிட்டன. நான்காவது யாருக்கு என்பது மறுநாள் மூவாரில் நடக்கும் போட்டியில் முடிவாகும். இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் முழுக்க ஆட்டமே கிடையாது. “ஆட்டமில்லாத டீமுக்கு யாரு ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு பயிற்சிக்கு வருவா, சொல்லுங்க?” என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேன். ஓட்டியவர் முனியாண்டி, குழுவில் ஆடும் துளசியின் அப்பா. வார நாள்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். பின்னால் எட்டுப் பெண்கள், அவர்கள் காலடியில் ஒரு பெரிய சட்டி நிறையச் சோறு, இன்னொன்றில் கோழி வறுவல், நெத்திலிச் சம்பல். விடியுமுன் எழுந்து சமைத்தது மகேஸ்வரிதான். பாரிட் சூலோங் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஐனி என்ற மலாய்ப் பெண்தான் அந்தக் குழுவின் ரகசியத்தைச் சொன்னாள்.

“பக்சிக், சோறு, கானான். தண்ணி, கீரி.” சொல்லிக்கொண்டே வலக்கையையும் இடக்கையையும் ஆட்டிக் காட்டினாள். மலாயில் பக்சிக் என்றால் மாமா, கானான் வலது, கீரி இடது.

விஷயம் இதுதான். பந்தை வைத்திருப்பவள் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. எந்தப் பக்கம் ஆள் நிற்கிறது என்று கூட ஓடுகிறவள் கத்த வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ கத்தினால் எதிரணிக்கும் விளங்கிவிடும். ஆகவே தமிழில் இரண்டு சொல். சாப்பிடுகிற கை வலது, அது சோறு. சாப்பிடும்போது குவளையைப் பிடிக்கிற கை இடது, அது தண்ணி. ஜொகூர் மாநிலம் முழுக்க ஆடியும் இதை யாரும் பிடிக்கவில்லையாம், எதிரணிகளில் தமிழ்ப் பிள்ளைகளே இல்லாததால். சோறு என்பது சாப்பிடுகிற பொருள் என்று ஐனிக்கே ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

“அலமாக், அது வரைக்கும் மகேஸ் டீச்சர் வீட்டுல எல்லாரும் ஏன் வலப்பக்கத்த சாப்பிடுறாங்கன்னு நெனச்சிருப்பா!” என்றார் முனியாண்டி. வேன் குலுங்கச் சிரித்தோம்.

மூவாரில் ஆற்றுப் பக்கமாய் ஒரு திடல். கடற்காற்று வந்தாலும் வெயில் ஈவு இரக்கமில்லாமல் அடித்தது. காலையில் நம் பெண்கள் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். எனக்கு விதி பாதிதான் விளங்கியது. பந்தை முன்னால் கொண்டுபோக வேண்டும், ஆனால் பின்னால்தான் எறிய வேண்டும். கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை வைத்தால் ஐந்து புள்ளி, பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் இரண்டு. அந்த அறிவை வைத்துக்கொண்டே தொண்டை கட்டக் கத்தினேன்.

நண்பகல் கடைசி ஆட்டம். எதிரே, ஜேபி என்று எல்லோரும் சொல்கிற ஜொகூர் பாருவில் புதிதாய் வந்த ஓர் அகாடமியின் அணி. ஒரே மாதிரிக் காலணி, ஒரே மாதிரிப் பை, மாற்று ஆட்டக்காரர்கள் மட்டும் ஐந்து பேர். அவர்களில் ஐந்தாம் எண் சட்டை போட்ட பெண்ணைக் காட்டி, “அந்தப் பிள்ளை நம்ம ஜாடையா இருக்கே” என்றேன்.

மகேஸ்வரி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெண் தன் கூட்டாளிகளிடம் சரளமாய் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தாள். “ஜேபி பிள்ளை அத்தான். சிங்கப்பூர் டிவி பாத்து வளந்திருக்கும். தமிழெல்லாம் எங்க தெரியப் போவுது.”

நானும் தலையாட்டினேன். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற நம் பிள்ளையைப் பார்த்தால் நாம் எல்லோரும் இப்படித்தான் முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. நாம் பன்னிரண்டு, அவர்கள் பத்து. பந்து நம் கையில். சங்கு ஊதும் வரை விடாமல் வைத்திருந்தால் போதும். ஐனி பந்தோடு ஓடினாள், இரண்டு பேர் அவள் மேல் பாய வந்தார்கள். வலப்பக்கம் துளசி தனியாக வந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்த மகேஸ்வரி கோட்டோரத்தில் நின்றபடி உயிரைக் கொடுத்துக் கத்தினாள்: “சோறு! ஐனி, சோறு!”

ஐனி திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கம் எறிந்தாள். ஆனால் அந்தச் சொல் ஐந்தாம் எண்ணின் காதிலும் விழுந்துவிட்டது. பந்து ஐனியின் கையை விட்டுக் கிளம்புமுன்பே அவள் நகர்ந்துவிட்டாள். காற்றில் வந்த பந்தைப் பறித்துக்கொண்டு, எதிரில் யாருமே இல்லாத திடலில் ஓடிப்போய்க் கம்பங்களுக்கு நடுவே வைத்தாள். சங்கு ஊதியது. நான்காவது இடம் அவர்களுக்குப் போய்விட்டது. மகேஸ்வரியின் கை இன்னும் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

நிழலில் வந்து உட்கார்ந்தோம். “என் தப்பு, டீச்சர்” என்று ஐனி அழுதாள். “இல்லம்மா, கத்துனது நான்” என்றாள் மகேஸ்வரி. சட்டியைத் திறக்கிற எண்ணம்கூட யாருக்கும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த ஐந்தாம் எண் பெண் தனியாக எங்களை நோக்கி வந்தாள். பவித்ரா என்று பெயர் சொன்னாள். ஊர் பெக்கான் நானாஸ், தமிழ்ப்பள்ளியில் படித்தவள், வார இறுதியில் பயிற்சிக்காக ஜொகூர் பாரு போகிறாள்.

“மன்னிச்சுருங்கக்கா. நீங்க சோறுன்னு கத்துனீங்க, என் காலு தானா அந்தப் பக்கம் போயிருச்சு. மொத பாதியிலேயே எனக்கு வெளங்கிருச்சு. எங்க டீம்ல யார்கிட்டயும் சொல்லல. அங்க தமிழ் நான் ஒருத்திதான்.”

மகேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கல்லூரியில் ரக்பி ஆடிய காலத்தில் இவளும் அப்படி ஒருத்திதான் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். கோபப்படுவாள் என்று நான் பயந்தேன். அவளோ, “நல்லா ஓடுனம்மா. இதுக்கு எதுக்கு மன்னிப்பு?” என்றாள்.

பவித்ரா போகாமல் தயங்கி நின்றாள். மூடியிருந்த சட்டியைப் பார்த்தாள். “எங்களுக்கு ரொட்டிதான் குடுத்தாங்க. சோறு இருக்காக்கா?”

அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஐனி, துளசி, மற்ற ஆறு பேர், எல்லோருடைய தலையும் ஒரே சமயத்தில் வலப்பக்கம் திரும்பியது. அங்கே திடல் வெறுமையாய்க் கிடந்தது. முதலில் பவித்ரா சிரித்தாள், பிறகு ஐனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மகேஸ்வரி சட்டியைத் திறந்து முதல் தட்டை ஜெயித்தவளுக்குப் போட்டாள்.

ஞாயிறு பத்து மணிக்கு எனக்குப் பேருந்து. மற்ற வாரமென்றால் அது பயிற்சி நேரம். முந்தின மாலையே அகாடமிக்காரர்கள் ஐனியையும் துளசியையும் தங்கள் அணிக்குக் கேட்டிருந்தார்கள். போங்க என்று அனுப்பிவைத்தது மகேஸ்வரிதான். மிச்சம் ஆறு பேர். செவன்ஸ் வளரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாளை நாட்டுக்காக ஓடுகிற ஏழு பேரில் பவித்ராவும் ஐனியும் இருக்கலாம். ஆனால் யோங் பெங்கின் பெயர் அதில் இருக்காது. எங்கள் ஈப்போவில் மாலையில் திடலுக்குப் போனால், ஆள் மிஞ்சி வரிசையில் நிற்கிற பையன்களைப் பார்க்கலாம். அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. இங்கே ஏழாவது ஆளுக்காக ஒருத்தி பத்து வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள்.

பேருந்து வந்ததும் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். “வழியில சாப்பிடுங்க அத்தான், சோறு.”

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தாள். கண் கலங்கியிருந்தது.

“போதும் அத்தான்” என்றாள். “இனிமே சோறுன்னா வெறும் சோறுதான்.”