ஜெயிக்காத பாட்டுக்காரிக்கு வெள்ளைச் சட்டை

ஸ்லோவேனியா என்றொரு நாடு இருப்பதே ஒரு டி-சர்ட் ஆர்டரால்தான் எனக்குத் தெரியும். நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் கேட்டதை உள்ளே தைக்க வைக்க வேண்டும். உள்ளே நடக்கும் கூத்து அவர்களுக்குத் தெரியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்டில் சின்னத் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, தன் ஊர்ப் பாடகி ஒருத்தியின் ரசிகர்களுக்காக எங்களிடம் சட்டை வாங்குவார். பாடகி பாட்டுப் போட்டிக்குப் போகிறாள் என்றால் ஆர்டர் வரும். வெள்ளைத் துணி, நெஞ்சில் ஒரு சிட்டுக்குருவி.

அவள் போவாள், தோற்பாள். முதல் தடவை கடைசி இடம். அப்புறம் ஒரு தடவை இரண்டாம் இடம். பிறகொரு தடவை நடுவர்கள் மார்க்கை அள்ளிக் கொடுத்தார்கள், ஜனங்கள் ஓட்டுப் போடவில்லை. அதற்கடுத்து ஜனங்கள் போட்டார்கள், நடுவர்கள் கையை விரித்தார்கள். எல்லாவற்றையும் யூடியூபில் பார்த்திருக்கிறேன். மொழி ஒரு எழுத்துப் புரியாது. மார்க் சொல்லும்போது அவள் கீழுதட்டைக் கடிப்பது மட்டும் நன்றாகப் புரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விட்டுத் தொலையேன்டி என்று போனைப் பார்த்துத் திட்டுவேன். அடுத்த ஆர்டர் வந்தால் அதற்காக முதலாளி முன்னால் போய் நிற்பவளும் நான்தான்.

போன வருடம் கடைக்காரப் பெண்மணி எழுதியிருந்தார்: இதுதான் அவளுக்குக் கடைசிப் போட்டி, இனிமேல் போகமாட்டாளாம். அரங்கில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். சட்டைகள் போட்டிக்கு முன்னால் வந்து சேராவிட்டால் அனுப்பவே வேண்டாம்.

சின்ன ஆர்டர் என்றாலே முதலாளிக்கு எட்டிக்காய்.

"ஏனுங்க அம்மணி, தோக்கறதுக்குன்னே போறவளுக்கு நாம ஏரோப்ளேன்ல சட்டை அனுப்போணுமாக்கும்?"

"இந்த ஒரு வாட்டிங்க. லேட்டானா நான் பொறுப்புங்க."

"பாக்கலாம்," என்றார். அந்தப் 'பாக்கலாம்' போதுமென்று துணிக்குச் சொல்லிவிட்டேன்.

துணி வெட்டி, குருவி பிரின்ட் போட்டு வந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. தோள் மூட்டித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அக்காதான் அந்த யோசனையைச் சொன்னாள். அவளும் என் போனில் அந்தப் பாட்டுக்காரியைப் பார்த்தவள்.

"விஜயதசமியன்னைக்கு இந்தப் புள்ளையோடதவே மொதல்ல ஓட்டலாமுங்க. இந்த வாட்டியாச்சும் செயிக்கட்டும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. பூஜையன்று மெஷின்களைக் கழுவித் துடைத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசி, மேலே குங்குமம் வைத்தார்கள். வைத்த பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள், அது தானாக உதிர வேண்டும். மற்ற வருடங்களில் மறுநாளுக்குள் காய்ந்துவிடும். அந்த வருடம் மழைக்காற்று. விஜயதசமியன்று மகிழ்ச்சியாக எல்லாச் சட்டையையும் தைத்து முடித்தோம்.

மறுநாள் காலை செக்கிங் டேபிளிலிருந்து கூப்பிட்டார்கள். விரித்து வைத்த சட்டையில் தோள் தையலை ஒட்டி மஞ்சள் கறை, நடுவே குங்குமம். அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். கட்டுக் கட்டாகப் பிரிக்கப் பிரிக்க மஞ்சள்தான். சாயங்காலம் லாரி கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். அதை விட்டால் போட்டிக்குச் சேராது.

கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னில் மருந்தை ஊற்றி அடித்ததில் குங்குமம் போனது, மஞ்சள் போகவில்லை. யாரோ அவசரத்தில் சோப்புப் போட்டுத் தேய்க்க, மஞ்சள் செக்கச்செவேலென்று ஆனது. நான் போட்ட கூச்சலில் மொத்த செக்‌ஷனும் வாயை மூடிக்கொண்டது. மஞ்சள் கறை வெயிலில் போகும் என்று வீட்டில் துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். வெயில்தான் இல்லை.

அலசிப் பிழிந்து மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தோள்பக்கம் மேலே தெரிய விரித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேகம் நகர்வேனா என்றது. ஒரு தூறல் விழுந்தால் எல்லாம் முடிந்தது. ஓவர்லாக் அக்கா சாப்பிடக்கூடப் போகவில்லை. நம்மாலதானே என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அழுதுவிடுவேன் போலிருந்தது.

முதலாளி மேலே வந்தார். ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தார்.

"அப்படியே கட்டி அனுப்புங்க. பாட்டுக் கேக்க வந்தவன் தோளையா பாக்கப் போறான்?"

"அவ பாப்பாளுங்க."

"எவ?"

"மேடையில நிக்கறவ."

அவர் என்னை முறைத்தார். நானும் முகத்தைத் திருப்பவில்லை. வேலை போனால் போகட்டும் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். அவர் சட்டையை என் கையில் திணித்துவிட்டுக் கீழே போனார்.

மதியத்துக்கு மேல்தான் மேகம் விலகியது. சுள்ளென்று வெயில் விழுந்தது. குனிந்து குனிந்து பார்த்தோம். கறை மெல்ல வெளுத்தது, அப்புறம் தேடினால்தான் தெரிந்தது, அப்புறம் தேடியும் தெரியவில்லை. பிடிவாதமாக நின்ற சிலவற்றை ஒதுக்கினேன். கீழே லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். இஸ்திரி சூடு ஆறுவதற்குள் மடித்தோம். பெட்டிக்கு டேப் ஒட்ட ஆள் போதாமல் திணறியபோது டேப்பைப் பிடுங்கி ஒட்டியவர் முதலாளி. திட்டிக்கொண்டேதான் ஒட்டினார்.

சட்டைகள் போய்ச் சேர்ந்தன.

போட்டி முடிந்த மறுநாள் டீ நேரத்தில் என் போனைச் சுற்றி எல்லோரும் நின்றோம். அரங்கின் இடப்பக்கம் முழுக்க வெள்ளை. பாட்டை யார் கேட்டார்கள்? "சட்டைக் கழுத்து நல்லா நிக்குது பாருங்க" என்றாள் ஓவர்லாக் அக்கா. மார்க் சொல்லத் தொடங்கினார்கள். அவள் உதட்டைக் கடித்தாள். டீ டம்ளர்கள் கையிலேயே ஆறின. வேறொருத்தி பெயரைச் சொன்னார்கள் போல; வேறொருத்தி துள்ளினாள்.

"யாரு செயிச்சது?" பின்னால் முதலாளி நின்றிருந்தார்.

"நம்ம புள்ள இல்லீங்க," என்றாள் அக்கா.

முதலாளி போனை எட்டிப் பார்த்தார். "அடுத்த வாட்டி கலர்த் துணி எடுக்கச் சொல்லுங்க அம்மணி. வெள்ளை நமக்கு ஆவாது."

அடுத்த வாட்டி கிடையாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபமோ ஆற்றாமையோ, அவர் சொன்னதை அப்படியே கடைக்காரப் பெண்மணிக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். பதில் வர நாளானது. வந்ததும் ஒரே வரிதான்.

என்னென்ன நிறம் இருக்கிறது என்று அவள் கேட்கிறாள்.